விஎக்ஸ் 259: ஒரு படை மருத்துவரின் வாழ்க்கையைத் தேடி எடுப்பது எப்படி

மெல்பர்ன் கிங்ஸ் டொமைன் பூங்காவில் ஒரு சிலை உண்டு. நெட்டையான, தோள் சற்றே குனிந்த ஒரு பெரியவர். இருபத்தாறு வருடம் நான் அந்தப் பக்கமாகத்தான் டிராமில் வேலைக்குப் போய்வந்தேன். ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளை எண்ணி வைக்க வேண்டிய நர்ஸுக்குச் சிலை பார்க்க ஏது நேரம்? ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனபோதுதான் பெயரைப் படித்தேன். சர் எட்வர்ட் டன்லப். ஊரில் எல்லாரும் சொல்வது 'வியரி' டன்லப். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளிகளையும் வைத்துப் போட்ட பர்மா–தாய்லாந்து ரயில் பாதையில், போர்க் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்த அறுவை மருத்துவர்.

அந்தப் பாதையை எங்கள் வீட்டில் சயாம் ரயில் என்போம். நான் மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவைப் பெற்ற தாத்தா 1943-இல் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை. கூடப் போய்த் திரும்பிவந்த ஒருவர் அப்பாயியிடம் சொன்னாராம்: "பேதியில கெடந்தப்ப ஒரு வெள்ளைக்கார டாக்டரு வந்து பார்த்தாரு. அவரும் கைதிதான்." தாத்தாவின் கடைசி நாட்களைப் பற்றி எங்கள் குடும்பத்திடம் இருப்பது அந்த ஒரு வரிதான். சிலைக்கு முன்னால் நின்றபோது, அது இவராக இருக்குமோ என்று தோன்றியது.

அதைத் தேடப் போய், படை மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையைக் காகிதங்களில் இருந்து எடுப்பது எப்படி என்று நான்கு வருடத்தில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வரி இருந்தால் இது உதவும். டன்லப்பையே மாதிரியாக வைத்துச் சொல்கிறேன். அவரைப் பற்றிக் காகிதம் ஏராளம். தேடிப் பழக அவர் வசதியானவர்.

எண்ணில் இருந்து தொடங்குங்கள்

முதல் நாள் நான் செய்த வேலை, 'டன்லப்' என்று தட்டியது. வந்ததெல்லாம் டயர் விளம்பரம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவருக்கு 'வியரி' என்ற பட்டப்பெயர் வந்ததே டயரால்தான். ஆங்கிலத்தில் டயர் என்றால் சக்கர ரப்பரும் உண்டு, களைத்துப்போவதும் உண்டு; 'வியரி' என்றாலும் களைத்தவர்தான். டன்லப், டயர், களைப்பு என்று கல்லூரிப் பையன்கள் சுற்றிவளைத்து வைத்த பெயர். அந்த டயர் கம்பெனிக்கு மலாயாவிலும் தோட்டங்கள் இருந்தன. எங்கள் ஆட்கள் பால் மரம் வெட்டிய ரப்பர் இப்படி ஒரு சர்ஜனின் பெயருக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே பெயரை நம்பாதீர்கள். முழுப்பெயரை எடுங்கள். அவருடையது எர்னஸ்ட் எட்வர்ட் டன்லப். பிறந்தது 1907 ஜூலை 12, விக்டோரியா மாநிலத்து வாங்கரட்டாவில். அதற்கடுத்து படை எண். அவருடைய எண் விஎக்ஸ் 259. இந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முதல் எழுத்து மாநிலம்: வி என்றால் விக்டோரியா, என் என்றால் நியூ சவுத் வேல்ஸ், க்யூ என்றால் குயின்ஸ்லாந்து. எக்ஸ் என்றால் வெளிநாட்டுப் போருக்கென்று சேர்ந்த படை. நடுவில் எஃப் இருந்தால் அவர் பெண், நர்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். 259 போலச் சிறிய எண் என்றால் போர் தொடங்கிய சூட்டிலேயே சேர்ந்தவர். இவர் 1939 நவம்பரில் லண்டனில் இருந்துகொண்டே சேர்ந்தார். அறுவை மருத்துவத்தில் மேல்படிப்புக்காக 1938-இல், கப்பல் மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே அங்கே போயிருந்தார்.

எண் கிடைத்ததும் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலுக்குப் போங்கள். ரெக்கார்ட்சர்ச் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுக்குப் போன படையினரின் கோப்புகள் பி883 என்ற வரிசையில் இருக்கின்றன. முதல் போர் என்றால் பி2455. ஏற்கெனவே படமெடுத்து ஏற்றிய கோப்புகளை வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். நான் இது தெரியாமல், வம்ச வரலாறு தேடித் தருகிறோம் என்ற ஒரு இணையதளத்துக்குப் பணம் கட்டி, அதே பக்கங்களை மங்கலாக அச்செடுத்து வாங்கினேன். முட்டாள்தனத்துக்குக் கொடுத்த ஃபீஸ்.

கோப்பைத் திறந்ததும் பயப்படாதீர்கள். சுருக்கெழுத்தும் முத்திரையுமாக இருக்கும். ஒரு சொல்லை மட்டும் இப்போதே எச்சரித்துவிடுகிறேன்: 'கேஷுவல்டி'. அதைப் பார்த்ததும் காயம் என்று நினைத்துவிடுவோம், நர்ஸாக இருந்த எனக்கு அது இன்னும் கஷ்டம். படைப் படிவத்தில் அது எந்த மாற்றத்தையும் குறிக்கும். இடமாற்றம், பதவி உயர்வு, விடுப்பு, ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, எல்லாமே 'கேஷுவல்டி'தான். அப்புறம் தேதி. பல படிவங்களில் இரண்டு தேதி இருக்கும்: சம்பவம் நடந்த நாள் ஒன்று, தலைமையகத்துக்குத் தகவல் வந்த நாள் இன்னொன்று. ஜப்பானியரிடம் பிடிபட்டவர்கள் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழும். முதலில் 'காணவில்லை' என்று எழுதியிருக்கும், வெகுநாள் கழித்துத்தான் 'போர்க் கைதி' என்று வரும். நான் முதல் நோட்டுப் புத்தகம் முழுக்கத் தவறான தேதியைக் குறித்து வைத்து, கடைசியில் கிழித்துப் போட்டேன்.

தனி மனிதர் கோப்பில் என்ன செய்தார் என்பது இருக்காது, எந்தப் பிரிவில் இருந்தார் என்பதுதான் இருக்கும். அதனால் அடுத்து பிரிவைத் தேடுங்கள். போர்முனையில் அடிபட்டவன் முதலில் பட்டாலியன் மருத்துவரிடம் போவான், அங்கிருந்து களமுனை ஆம்புலன்ஸ் பிரிவு, அப்புறம் அறுவை வசதியுள்ள இடைநிலை ஆஸ்பத்திரி, கடைசியில் பொது ஆஸ்பத்திரி. டன்லப் இருந்தது 2/2 என்ற எண்ணுள்ள இடைநிலை ஆஸ்பத்திரியில். ஒரு சர்ஜன் இந்த வரிசையில் எங்கே நின்றார் என்று தெரிந்தால், அவர் கைக்கு எப்படிப்பட்ட உடம்புகள் வந்திருக்கும் என்று ஊகித்துவிடலாம். பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன, வரிசை எண் ஏடபிள்யூஎம்52. கிரீஸ், கிரீட், தொப்ரூக் என்று 1941 வரை இந்த வழியில் பின்தொடரலாம்.

1942 பிப்ரவரியில் ஆர்கேட்ஸ் என்ற கப்பலில் ஜாவாவில் வந்து இறங்குகிறார். மார்ச்சில் ஜாவா ஜப்பானியரிடம் விழுகிறது, அவரும் கைதியாகிறார். அங்கே அரசாங்கக் காகிதம் நின்றுவிடுகிறது. கைதி முகாமில் யார் பிரிவு நாட்குறிப்பு எழுதுவார்கள்?

செய்தித்தாளில் ஒரு சுற்று

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசம். பெரும்பாலானவை 1954 வரைதான் இருக்கும். அந்தக் காலத்து ஆசிரியர்கள் 'டாக்டர் ஈ. ஈ. டன்லப்' என்றுதான் போடுவார்கள், அப்படியே தேடுங்கள். விளையாட்டுப் பக்கத்தையும் விடாதீர்கள். டன்லப் 1932-இல் நியூசிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலிய ரக்பி அணியில் ஆடியவர், கல்லூரியில் குத்துச்சண்டைக்காரர். கல்யாணச் செய்தியும் முக்கியம். 1940-இல் நிச்சயம் செய்துகொண்ட ஹெலன் ஃபெர்குசனை அவர் கைப்பிடித்தது 1945 நவம்பர் 8. அந்த இடைவெளியில் என்னென்ன நடந்தது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

நாட்குறிப்பை நர்ஸ் கண்ணால் படிப்பது

டன்லப் சிறையிருந்த மூன்றரை வருடமும் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார். கண்டுபிடித்தால் அடி, உதை, அதற்கு மேலும் போகலாம். அது புத்தகமாக வந்தது 1986-இல்தான். நூலகத்தில் கிடைக்கும். படிக்கத் தொடங்குமுன் ஒரு வரைபடத்தை எடுத்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் பாண்டுங், மகாசுரா. 1943 ஜனவரியில் சிங்கப்பூர் சாங்கி, சில நாட்களே. அங்கிருந்து ரயிலில் தாய்லாந்து. சுமார் 900 ஆட்களோடு கொன்யூ, பிறகு ஹிந்தோக். பாதை முடிந்த பிறகு தார்சாவ், சுங்கை, நக்கோன் பத்தோம். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் படித்தால் காட்டுக்குள் காணாமல் போய்விடுவீர்கள். நான் போனேன்.

புகழ்பெற்ற சம்பவங்களைத் தேடித் தாவாதீர்கள் என்பது என் அனுபவம். பாண்டுங் ஆஸ்பத்திரியில் கண்ணும் இரு கைகளும் போன பில் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேய வீரரை ஜப்பானியர் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்த வந்தபோது, டன்லப் நடுவில் போய் நின்றார். எல்லா இடத்திலும் இதைச் சொல்வார்கள். உண்மைதான், பெரிய விஷயம்தான். ஆனால் அவருடைய உண்மையான வேலை அதைவிடச் சலிப்பானது, தினமும் நடந்தது. காலையில் ஜப்பானியப் பொறியாளர்கள் இத்தனை ஆள் வேலைக்கு வேண்டும் என்பார்கள். நோயாளி வரிசையில் நிற்பவர்களில் யாரை அனுப்பினால் இன்றைக்குச் சாகாமல் திரும்புவான் என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். ஒருவனைக் காப்பாற்றினால் அவன் இடத்தில் இன்னொருவன் போயாக வேண்டும். தியேட்டர் வேலையில் முப்பது வருடம் இருந்த நான், எந்தச் சர்ஜனும் அப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. நோட்டில் ஒரு பக்கத்தில் தேதி, நோயாளிகள் எண்ணிக்கை, வேலைக்குக் கேட்ட எண்ணிக்கை என்று மூன்று கட்டம் போட்டு நாட்குறிப்பில் இருந்து எழுதி வாருங்கள். 1943 மே மாதம் மழை பிடித்த பிறகு அந்தக் கட்டங்கள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். 'ஸ்பீடோ' என்று காவலர்கள் கத்திய மாதங்கள் அவை. வேகமாக முடி, வேகமாக முடி என்று.

அடுத்து, வைத்திய வார்த்தைகள் வரும்போது நின்று படியுங்கள். உதாரணத்துக்கு வெப்பமண்டலப் புண். மூங்கில் முள் கீறினாலே போதும். சத்தில்லாத உடம்பு என்பதால் சில நாளில் எலும்பு தெரியும் அளவுக்குக் கால் அழுகிவிடும். அழுகிய சதையைச் சுரண்டி எடுக்க வேண்டும். எங்கள் தட்டில் அதற்கென்று க்யூரெட் என்ற கருவி இருக்கும், நோயாளி மயக்கத்தில் இருப்பார். அவர்கள் கையில் இருந்தது ஓரம் தீட்டிய கரண்டி. மயக்க மருந்தும் கிடையாது. நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான்.

காலரா இன்னொன்று. கழிசலில் நீரும் உப்பும் போய் ஆள் சில மணி நேரத்தில் வற்றிப்போவான். நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினால் பிழைப்பான். அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும், குழாய் வேண்டும், ஊசி வேண்டும். கிடைத்த குழாயை வைத்துத் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் சாதனம் கட்டினார்கள், ஸ்டெத்தஸ்கோப் ரப்பரைக் குழாயாக்கினார்கள், மூங்கிலைச் சீவி ஊசியாக்கினார்கள். என் கையால் ஆயிரக்கணக்கான சலைன் பைகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எழுத்தை மட்டும் நம்பாமல் படங்களையும் பாருங்கள். கைதிகளில் ஜாக் சாக்கர், ரே பார்க்கின் போன்ற ஓவியர்கள் இருந்தார்கள். பார்க்கின் வரைந்தவற்றை டன்லப்பே ஒளித்து வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார். சாக்கரின் மருத்துவப் படங்களில் ஒரு கட்டுப்போடும் விதம், கட்டிலின் உயரம், காலைத் தாங்கும் மூங்கில் எல்லாம் தெளிவாகத் தெரியும். எழுதுகிறவர் இதையெல்லாம் சொல்ல மறந்துவிடுவார்.

பக்கத்தில் நிற்பவர்கள்

ஒருவரைத் தேடும்போது அவருக்கு இடமும் வலமும் நிற்பவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியரிடம் பிடிபட்ட ஆஸ்திரேலிய மருத்துவர்கள் நூற்றுக்கு மேல். சிலை ஒருவருக்கு என்றாலும் வேலையைச் செய்தவர்கள் அத்தனை பேரும்தான். என் கட்சி, வெளிப்படையாகவே சொல்கிறேன், ஆல்பர்ட் கோட்ஸ். 1895-இல் பல்லாரட்டில் பிறந்தவர். முதல் உலகப் போரில் கலிப்போலி போர்முனையில் மருத்துவ உதவியாளாக இருந்து, ஊருக்கு வந்த பிறகு படித்து டாக்டரானவர். எங்கள் தோட்டத்தில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் மாதிரி கீழிருந்து வந்தவர் என்பதால் எனக்குப் பிடித்துப்போனது. பர்மா பக்கத்தில் 55-ஆவது கிலோமீட்டர் முகாமில் அவர் சுமார் 120 கால்களை எடுத்தார். மரத்துப்போகும் மருந்தையும் தையல் நூலையும் அவருக்குத் தயாரித்துக் கொடுத்தவர் வான் பாக்ஸ்டல் என்ற டச்சு வேதியியலாளர். பிறகு நக்கோன் பத்தோமில் 10,000 படுக்கை ஆஸ்பத்திரி எழுந்தபோது கோட்ஸ் அதற்குத் தலைமை மருத்துவர், டன்லப்பும் அங்கேதான்.

வெளியில் இருந்து உதவியவர்களையும் விட்டுவிடாதீர்கள். காஞ்சனபுரியில் பூன்பொங் என்ற தாய் வியாபாரி. முகாம்களுக்குப் படகில் சரக்கு கொண்டுபோகும் சாக்கில் மருந்தையும் பணத்தையும் கடத்தி உள்ளே அனுப்பினார். அவர் பெயரையும் டன்லப்பின் பெயரையும் சேர்த்து, தாய்லாந்து அறுவை மருத்துவர்கள் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற ஓர் உதவித்தொகை இருக்கிறது.

போருக்குப் பிறகான வாழ்க்கையையும் முழுக்கப் பாருங்கள். பலர் 1945-இல் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். டன்லப் மெல்பர்னில் கத்தியைத் திரும்ப எடுத்தார். கொழும்புத் திட்டம் என்ற, ஆசிய நாடுகளுக்கான உதவித் திட்டத்தின் கீழ் 1956-இல் தாய்லாந்துக்கும் இலங்கைக்கும், அறுபதுகளில் இந்தியாவுக்கும் போய் வந்தார். 1969-இல் வியட்நாமுக்கு ஓர் அறுவைக் குழுவை நடத்திப் போனார். அதே வருடம் சர் பட்டம். 1993 ஜூலை 2-இல் இறந்தார். பத்து நாள் கழித்து, அவருடைய பிறந்தநாளன்று நடந்த அரசு மரியாதை இறுதி ஊர்வலத்துக்கு மெல்பர்ன் தெருவில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அஸ்தியில் ஒரு பகுதி 1994 ஏப்ரல் 25 அன்று ஹெல்ஃபயர் கணவாயில் சேர்க்கப்பட்டது. கொன்யூ பக்கம் பாறையைக் குடைந்த அதே இடம்.

ஓரத்தில் இருப்பவர்கள்

இனி, என் தாத்தா விஷயம். 415 கிலோமீட்டர் பாதை. வேலை செய்த நேசநாட்டுக் கைதிகள் 60,000-க்கு மேல், அவர்களில் செத்தவர்கள் 12,000-க்கு மேல். அவர்களில் ஆஸ்திரேலியர் மட்டும் சுமார் 2,800. ஆசியத் தொழிலாளிகளோ 2 லட்சத்தை ஒட்டி. செத்தவர்கள் குறைந்தது 75,000 என்கிறார்கள், 90,000 என்பாரும் உண்டு. மலாயாவில் இருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். கைதிக்கு எண் உண்டு, கோப்பு உண்டு, காஞ்சனபுரி போர்க் கல்லறையில் பெயர் பொறித்த கல் உண்டு. நம் ஆளுக்குத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி எழுதிய செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் ஒரு வரி இருந்திருக்கும், அதுவும் போய்விட்டது. அவர்கள் எங்கே எழுத்தில் வருகிறார்கள் என்றால், மருத்துவர்களின் காகிதங்களில்தான் வருகிறார்கள்.

ஆனால் 'மலாயன் இந்தியன்' என்று தேடினால் கிடைக்க மாட்டார்கள். அந்தக் காலத்துக் கைதிகள் எழுதியபடி தேட வேண்டும்: 'தமிழ்ஸ்', 'கூலி', 'நேட்டிவ் லேபர்', ஜப்பானியச் சொல்லான 'ரோமுஷா'. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். 'கூலி' என்று படிக்கும்போது சுருக்கென்றுதான் இருக்கும். தேடும்போது அந்தச் சொல்தான் கதவைத் திறக்கிறது, அதனால் தட்டுங்கள். டன்லப்பின் நாட்குறிப்பிலும் ஹிந்தோக் பக்கங்களில் மழையில் நனைந்துகொண்டு போகும் தமிழர்கள் வருகிறார்கள். ஆனால் அவர் தன் 900 பேரை விட்டு நகர முடியாதவர். எங்கள் ஆட்களின் முகாமுக்குள் வந்து வைத்தியம் பார்த்த டாக்டர் வேறு யாரோ என்று அந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த வேறு யாரோ இருப்பது 'கே ஃபோர்ஸ்', 'எல் ஃபோர்ஸ்' என்ற இரண்டு குழுக்களில். தொழிலாளர் முகாம்களில் காலரா மிஞ்சிப்போனதும், 1943 ஜூனில் சாங்கியில் இருந்து 30 மருத்துவர்களும் 200 உதவியாளர்களும் கிளம்பினார்கள். அது கே. அடுத்து ஆகஸ்டில் 115 பேர், எல். பிரிட்டிஷ்காரர்கள்தான் அதிகம், ஆஸ்திரேலியர்களும் உண்டு. ஒன்றிரண்டு பேராக, கையில் அதிக மருந்தில்லாமல், ஆசியத் தொழிலாளிகளின் முகாம்களில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அவர்களும் கைதிகள்தான். அப்பாயி சொன்ன வரியை அன்றைக்கு ராத்திரி நான் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். "அவரும் கைதிதான்."

இவர்களைத் தேடும் முறை மேலே சொன்னதேதான், ஆஸ்திரேலியர் என்றால் பி883. பிரிட்டிஷ்காரர் என்றால் லண்டனில் 'கியூ' என்ற பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம். அங்கே டபிள்யூஓ 345 என்ற வரிசையில் ஜப்பானியர்களே ஒவ்வொரு கைதியைப் பற்றியும் எழுதி வைத்த அட்டைகள் இருக்கின்றன. டபிள்யூஓ 344-இல், விடுதலையானபோது கைதிகளே நிரப்பிய கேள்வித்தாள்கள். எந்தெந்த முகாமில் எந்தத் தேதியில் இருந்தேன் என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காஞ்சனபுரிக்குப் போகிறவர்கள் பெரிய கல்லறையோடு நிறுத்திக்கொள்ளாமல், பக்கத்தில் உள்ள வாட் தாவோர்ன் கோயிலுக்கும் போங்கள். தொழிலாளிகளின் எலும்புகள் புதைந்த இடம், தமிழர்களுக்கென்று ஒரு நடுகல்லும் இப்போது நிற்கிறது. போகும்போது பூ வாங்கிக்கொள்ளுங்கள், வெயிலுக்குத் தொப்பியும். ஹெல்ஃபயர் கணவாயில் இறங்கி ஏற முழங்கால் நன்றாக இருக்க வேண்டும், என்னால் பாதிதான் முடிந்தது.

என் மூன்றாவது நோட்டில் இப்போது கே ஃபோர்ஸ் மருத்துவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: எண், பிறந்த ஊர், படித்த இடம், முகாம், தேதி. பன்னிரண்டாம் பக்கத்தின் தலைப்பில் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பு இன்னும் படமெடுக்கப்படவில்லை, நகல் கேட்டு விண்ணப்பம் போட்டாயிற்று.